ஹைஸ்மன் 2024: டிராவிஸ் ஹன்டருக்கா, ஆஷ்டன் ஜென்டிக்கா?

மலைச்சாரல்
2024 டிசம்பர் 10

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் ஹைஸ்மன் கோப்பைக்கான இறுதிப் பட்டியல் நேற்று மாலை வெளியாகிவிட்டது. கொலராடோவின் டிராவிஸ் ஹன்டர், பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி, ஓரிகனின் டில்லன் கேப்ரியல், மயாமியின் கேம் வார்டு ஆகிய நால்வரும் வரும் சனிக்கிழமை நியூயார்க்கில் மேடையேற இருக்கிறார்கள். வாக்குப் பதிவு நேற்றோடு முடிந்துவிட்டதால் நாம் இங்கே என்ன பேசினாலும் முடிவு இம்மியும் நகராது. ஆனால் பல ஆண்டுகளுக்குப் பிறகு, முடிவு தெரிவதற்கு முன்பே உண்மையாகவே வாதாடத் தக்க ஒரு போட்டி வாய்த்திருக்கிறது என்பதால் உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன்.

வழக்கமாக இந்த விருதுக்கான விவாதம் எளிதாக இருக்கும். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குகள் இருவரின் டச் டவுன் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) கணக்கை அருகருகே வைத்து, யாருடைய அணி அதிகம் வென்றது என்று பார்த்தால் வேலை முடிந்துவிடும். இந்த ஆண்டு அந்த வழி உதவவில்லை. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கான ஜென்டி 13 ஆட்டங்களில் 344 முறை பந்தைச் சுமந்து 2,497 யார்டுகள் ஓடியிருக்கிறார். ஓடி எடுத்த டச் டவுன்கள் மட்டும் 29. ஹன்டரோ 12 ஆட்டங்களில் வைட் ரிசீவராக 92 பந்துகளைப் பிடித்து 1,152 யார்டுகளும் 14 டச் டவுன்களும் சேர்த்துவிட்டு, எதிரணியிடம் பந்து போனதும் வெளியே போய் உட்காராமல் எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்காக நின்று 4 இன்டர்செப்ஷன்களையும் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) எடுத்திருக்கிறார்.

ஒருவர் ஒரே வேலையை, வரலாற்றில் ஒரு சிலரே செய்த அளவுக்குச் செய்திருக்கிறார். மற்றவர் இக்காலத்தில் ஒருவருமே செய்யத் துணியாத இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் மிக நன்றாகச் செய்திருக்கிறார். இவ்விருவரையும் எந்த அளவுகோலைக் கொண்டு ஒப்பிடுவது என்பதே என் கேள்வி. ‘இருவருமே தகுதியானவர்கள்’ என்று நழுவும் பதிலைத் தயவுசெய்து தவிர்க்கவும். உங்கள் கையில் வாக்குச்சீட்டு இருந்திருந்தால் முதல் வரியில் யார் பெயரை எழுதியிருப்பீர்கள், ஏன் என்பதை மட்டும் சொல்லுங்கள்.


நீலப்புல்
2024 டிசம்பர் 10

பாய்ஸியின் நீலநிற மைதானத்திலிருந்து எடுத்த என் பெயரைப் பார்த்தாலே நான் எந்தக் கட்சி என்று தெரிந்துவிடும் என்பதால் நடுநிலையாளர் வேடம் போடும் அவசியம் எனக்கில்லை. முதல் வரியில் ஜென்டி. காரணங்களைச் சொல்கிறேன்.

ஒரே பருவத்தில் ஓடிய யார்டுகளின் பட்டியலில் இன்று ஜென்டிக்கு மேலே மூவர்தாம் இருக்கிறார்கள். 1988-இல் 2,628 யார்டுகள் ஓடிய பேரி சாண்டர்ஸ், 2014-இல் 2,587 ஓடிய விஸ்கான்சினின் மெல்வின் கார்டன், 2007-இல் 2,567 ஓடிய மத்திய ஃபுளோரிடாவின் கெவின் ஸ்மித். பின்னவர் இருவரும் 14 ஆட்டங்கள் ஆடியவர்கள். பாய்ஸிக்குத் தேசிய சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் ஆட்டம் மீதமிருப்பதால் இன்னும் 132 யார்டுகள் ஓடினால் 36 ஆண்டுகளாக அசையாமல் நிற்கும் சாதனையே முறிந்துவிடும்.

ஏதோ இரண்டு மூன்று நோஞ்சான் அணிகளைத் துவைத்து எடுத்துச் சேர்த்த கணக்கு இது என்று சிலர் சொல்கிறார்கள். ஆட்டம் ஆட்டமாகப் பாருங்கள். ஜார்ஜியா சதர்னுக்கு எதிராக 267 யார்டுகளும் 6 டச் டவுன்களும். வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 259. ஹவாய்க்கு எதிராக 217. ஓரிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 226. 13 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் 100 யார்டுக்குக் கீழே போகவில்லை. போர்ட்லண்ட் ஸ்டேட், யூட்டா ஸ்டேட் ஆகிய இரண்டு ஆட்டங்களிலும் முதல் பாதியோடு அவரை உட்கார வைத்துவிட்டார்கள். ஆனாலும் முறையே 127, 186 யார்டுகள் அவர் கணக்கில் ஏறின. நோஞ்சான் அணிகளைத் துவைத்துக் கணக்கை உயர்த்துவதே நோக்கமாக இருந்திருந்தால் அந்த இரண்டு இரண்டாம் பாதிகளும் வீணாகியிருக்குமா?

வலுவான எதிரணி வேண்டுமென்றால் செப்டம்பரில் ஓரிகனின் சொந்த மைதானத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இன்று 13 வெற்றி, தோல்வியே இல்லை (13-0) என்று நாட்டின் முதலிடத்தில் நிற்கும் அந்த அணிக்கு எதிராக அவர் 192 யார்டுகளும் 3 டச் டவுன்களும் எடுத்தார். அவற்றில் ஒன்று 70 யார்டு ஓட்டம். பாய்ஸி 37-34 என்று தோற்றது, அதுவும் கடைசி நொடியில் உதைத்த ஃபீல்டு கோலில்.

அவர் ஆடுவதைப் பார்த்திராதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். ஸ்னாப்புக்கு (ஒவ்வொரு முயற்சியையும் தொடங்கப் பந்தைப் பின்னால் கொடுப்பது) முன் மற்ற ரன்னிங் பேக்குகள் முழங்காலை மடக்கிக் கைகளைத் தொடையில் ஊன்றி நிற்பார்கள். ஜென்டி நிமிர்ந்து, கைகளைத் தொங்கவிட்டு, பேருந்துக்குக் காத்திருப்பவர் போல நிற்கிறார். பந்து கைக்கு வந்ததும் முதல் ஆள் மோதுகிறான், அவர் விழுவதில்லை. இரண்டாம் ஆள் தோளைப் பிடிக்கிறான், அவனையும் இழுத்துக்கொண்டு போகிறார். முதல் மோதலுக்குப் பிறகு அவர் ஓடிய தூரம் மட்டுமே 1,800 யார்டுக்கு மேல். முன்வரிசை ஆட்கள் வழி திறந்துவிட்டதால் கிடைத்த தூரமன்று அது. அவருடைய கால்கள் சம்பாதித்தது.

அணியின் நிலையையும் பாருங்கள். பாய்ஸி 12-1, மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸின் (ஒன்றோடொன்று ஆடும் அணிகளின் பிரிவு) சாம்பியன், முதன்முதலாக 12 அணிகளோடு நடக்கும் பிளேஆஃபில் மூன்றாம் தரவரிசையோடு நேரே காலிறுதி. கொலராடோ 9-3, அதற்குப் பிளேஆஃபில் இடமே இல்லை. தோற்ற மூன்று ஆட்டங்களில் ஒன்றான கான்சஸ் ஸ்டேட் ஆட்டத்தில் ஹன்டர் தோள் காயத்தால் பாதியில் வெளியேறினார். அடுத்த அரிசோனா ஆட்டத்திலும் முழு நேரம் ஆடவில்லை. கடைசி வாரத்தில் ஓக்லஹோமா ஸ்டேட்டுக்கு எதிராக அவர் எடுத்த 3 டச் டவுன்களைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்த ஓக்லஹோமா ஸ்டேட் தன் கான்ஃபரன்ஸில் ஒன்பது ஆட்டங்களில் ஒன்றைக்கூட வெல்லாத அணி என்பதைச் சொல்ல மட்டும் யாருக்கும் நேரமில்லை. நோஞ்சான் என்ற சொல்லை ஒரு பக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவது நியாயமன்று.


போல்டர்வாசி
2024 டிசம்பர் 11

நீலப்புல் அவர்களின் கணக்கில் ஓர் எண்ணையும் மறுக்க மாட்டேன். ஜென்டியின் பருவம் பெரிது. ஆயினும் முதல் வரியில் நான் ஹன்டர் பெயரைத்தான் எழுதுவேன்.

நம்மில் பலரும் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் என்பதால் ‘ஆல்ரவுண்டர்தானே, இதில் என்ன அதிசயம்’ என்று எண்ணத் தோன்றும். கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பவர் பந்தும் வீசுவதற்கு ஆட்டத்தின் அமைப்பே இடம் கொடுக்கிறது; ஒன்றை முடித்து ஓய்வெடுத்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம். இங்கே அப்படியன்று. 1960-களின் நடுவில் கட்டுப்பாடற்ற மாற்று ஆட்டக்காரர் விதி மீண்டும் வந்ததிலிருந்து தாக்குதலுக்கு ஓர் அணி, தடுப்புக்கு வேறோர் அணி என்று ஆட்டமே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பயிற்சியும் தனி, கூட்ட அறையும் தனி, படித்து மனத்தில் ஏற்ற வேண்டிய பாடமும் தனி. ஒரு வழக்கமான தொடக்க ஆட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் 60 அல்லது 70 ஸ்னாப்புகள் ஆடினால் அது முழு நாள் உழைப்பு. ஹன்டர் 12 ஆட்டங்களில் 1,300-க்கும் மேற்பட்ட ஸ்னாப்புகள் ஆடியிருக்கிறார். அதுவும் மைதானத்திலேயே மிக அதிக தூரம் முழு வேகத்தில் ஓட வேண்டிய இரண்டு இடங்களில். இப்படிப்பட்டவரின் தோள் ஒரு முறை காயப்பட்டதைக் குறையாக எண்ணுவது எனக்கு விளங்கவில்லை.

கார்னர்பேக்கின் வேலையை எண்களால் அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ அவ்வளவு குறைவாகத்தான் அவர் பக்கம் பந்து வரும். எதிரணிக் குவார்ட்டர்பேக்குகள் ஹன்டர் நிற்கும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கமே எறிந்தார்கள். அப்படியிருந்தும் 4 இன்டர்செப்ஷன்கள், தட்டிவிட்ட பந்துகள் 11. எறியப்படாத பந்துகளுக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடமில்லை. ரன்னிங் பேக்கின் ஒவ்வோர் அடியும் கணக்கில் ஏறிவிடுகிறது. ஹன்டரின் பாதி வேலை ஏறுவதே இல்லை.

செப்டம்பர் 21, பேய்லர் ஆட்டம். கடைசி வினாடியில் ஒரு நீண்ட எறிதலால் கொலராடோ 31-31 என்று சமன் செய்கிறது. கூடுதல் நேரத்தில் முதலில் ஆடி 38-31 என்று முந்துகிறது. இப்போது பேய்லரின் முறை. கோல் கோட்டுக்கு ஓரிரு அடி தூரத்தில் அவர்களுடைய ரன்னிங் பேக் பந்தோடு பாய்கிறார்; தாண்டிவிட்டால் ஆட்டம் மீண்டும் சமன். அந்த இடத்தில் குறுக்கே வந்து மோதிப் பந்தைக் கையிலிருந்து உதிர வைத்தவர் ஹன்டர். பந்து கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள எண்டு ஸோன் வழியாக வெளியே உருண்டது, ஆட்டம் முடிந்தது. அன்று அதே மனிதர்தான் ரிசீவராக 130 யார்டுகள் எடுத்திருந்தார். ஒரே ஆட்டத்தில் தாக்குதலால் அணியைத் தாங்கிப் பிடித்து, தடுப்பால் வெற்றியை முடித்துக் கொடுத்த வேறொருவரை இந்தப் பருவத்தில் யாராவது காட்டுங்கள்.

அணியின் நிலை பற்றி ஒரு சொல். 2022-இல் 1-11, 2023-இல் 4-8, இந்த ஆண்டு 9-3. பிக் 12 கான்ஃபரன்ஸில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட நான்கு அணிகளில் கொலராடோவும் ஒன்று. சமன் முறிக்கும் விதிகளால்தான் இறுதி ஆட்டம் கைநழுவிப் போனது.


வாத்துக்கூட்டம்
2024 டிசம்பர் 11

இருவருக்குள்ளேயே பேசி முடித்துவிடுவீர்கள் போலிருக்கிறது. நாட்டில் இன்னும் தோற்காத பெரிய அணி ஒன்றுதான் இருக்கிறது, அதை வழிநடத்துபவர் டில்லன் கேப்ரியல். பிக் டென் கான்ஃபரன்ஸில் நுழைந்த முதல் ஆண்டிலேயே ஓரிகன் சாம்பியன். 3,558 யார்டுகள், எறிந்த டச் டவுன்கள் 28. நவம்பரில் கல்லூரி ஆட்டக்காலம் முழுவதற்குமான கேஸ் கீனமின் மொத்த டச் டவுன் சாதனையையும் முறியடித்தார். அது கேப்ரியல் ஆறாண்டுகள் ஆடி எடுத்த சாதனை என்று சிலர் முகம் சுளிப்பதை அறிவேன். ஆண்டுகள் கூடுதலாகக் கிடைத்தது அவர் குற்றமன்று.

இதே எண்கள் 2018-இலோ 2022-இலோ வந்திருந்தால் கேப்ரியல் தீவிரப் போட்டியாளராக இருந்திருப்பார். 36 டச் டவுன்களும் 4,123 யார்டுகளும் எறிந்த கேம் வார்டுக்கும் இதே நிலைதான். கடைசி மூன்று ஆட்டங்களில் மயாமி இரண்டில் தோற்றதும் அவர் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். என் வாக்கு கேப்ரியலுக்கு, இரண்டாவது ஹன்டர். ஜென்டி மூன்றாவதுதான். எங்கள் ஓரிகனுக்கு எதிராக அவர் ஓடியதை நேரில் பார்த்தவன் நான், அந்த 70 யார்டு ஓட்டம் இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.


பழைய கணக்கு
2024 டிசம்பர் 12

மலைச்சாரல் கேட்ட கேள்வி அளவுகோல் பற்றியது. எண்களை மட்டுமே எடுத்து வீசிக்கொண்டிருந்தால் அதற்குப் பதில் கிடைக்காது. வாக்களிப்பவர்கள் யார், கடந்த காலத்தில் அவர்கள் எதற்குப் பரிசு கொடுத்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நாட்டை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து வட்டாரத்துக்கு 145 பேர் என்று 870 பத்திரிகையாளர்கள். உயிரோடிருக்கும் முன்னாள் வெற்றியாளர்கள். ரசிகர்கள் அனைவருக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு வாக்கு. ஒவ்வொருவரும் மூன்று பெயர்களை வரிசைப்படுத்தி எழுத, முதல் பெயருக்கு 3 புள்ளி, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 1. ‘மிகச் சிறந்த ஆட்டக்காரர்’ என்பதற்கு மேல் வாக்காளர்களுக்குத் திட்டவட்டமான அளவுகோல் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அளவுகோலையும் அவர்களே செய்துகொள்கிறார்கள். 2000 முதல் 2023 வரை 24 விருதுகளில் 20 குவார்ட்டர்பேக்குகளுக்குப் போனதிலிருந்து, அவர்கள் கையில் வழக்கமாக எந்தக் கோல் இருக்கிறது என்பது விளங்கும். வாத்துக்கூட்டம் இந்த ஒரே ஓர் ஆண்டு வருந்துவதில் தவறில்லை. மற்ற ஆண்டுகளில் வருந்தியவர்கள் நாங்கள்.

அணியின் வெற்றி தோல்வி முக்கியமா? 1956-இல் நோட்ர டேமின் பால் ஹார்னங் இவ்விருதை வென்றபோது அவருடைய அணி 2-8. அந்த ஆண்டு ஜிம் பிரவுன் ஐந்தாம் இடத்தில் வந்தார் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது, நான் பிறப்பதற்கு முன் நடந்தது என்றாலும். தோற்ற அணியிலிருந்து வென்றவர் அவர் ஒருவர்தாம். ஆகவே 9-3 என்பது தடையாகாது, ஆனால் 12-1 என்பது உதவும்.

பலரும் முன்மாதிரியாகக் காட்டுவது 1997-ஐ. மிச்சிகனின் சார்லஸ் உட்சன் 1,815 புள்ளிகளோடு டென்னசியின் பெய்ட்டன் மேனிங்கை வென்றார்; மேனிங்குக்கு 1,543. டென்னசி ரசிகர்களிடம் அந்தப் பேச்சை எடுத்தால் இன்றும் சண்டை வரும். தடுப்பு ஆட்டக்காரராக இருந்துகொண்டே வென்றவர் இன்றுவரை உட்சன் ஒருவரே. ஓஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடிய 78 யார்டு பன்ட் ரிட்டர்ன் டச் டவுன், எண்டு ஸோனில் ஓர் இன்டர்செப்ஷன், ரிசீவராக 37 யார்டு பிடிப்பு என்று எல்லாவற்றையும் செய்து காட்டினார். ஆனால் உட்சன் அந்தப் பருவம் முழுவதிலும் பிடித்த பந்துகள் சுமார் ஒரு டஜன். ஹன்டர் பிடித்தவை 92. இரண்டையும் ‘இருபக்க ஆட்டம்’ என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். உட்சன் தடுப்பு ஆட்டக்காரர். அவ்வப்போது தாக்குதலுக்கும் வந்தார். ஹன்டர் இரண்டு முழு நேர வேலைகளைச் செய்தார். உட்சனுக்குக் கொடுத்தது சரியென்றால் ஹன்டருக்குக் கொடுக்காமலிருப்பதற்குக் காரணம் தேடுவது மிகக் கடினம்.

மறுபக்கத்தில் 2015-ஐ வைக்க வேண்டும். ஸ்டான்ஃபர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி ஓட்டம், பிடிப்பு, ரிட்டர்ன் எல்லாம் சேர்த்து 3,496 யார்டுகளோடு, பேரி சாண்டர்ஸின் 3,250 என்ற சாதனையை முறியடித்துவிட்டு வந்து நின்றார். விருது அலபாமாவின் டெரிக் ஹென்றிக்குப் போனது. ஒரே வேலையை மிகப் பெரிதாகச் செய்தவர், பல வேலைகளைச் செய்தவரை வென்ற ஆண்டு அது. நீலப்புல் தம் வாதத்துக்கு இதைத்தான் எடுத்திருக்க வேண்டும், ஏனோ எடுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டு மெக்காஃப்ரியின் ஆட்டங்கள் பல கிழக்குக் கரையில் நள்ளிரவில் முடிந்தன. வாக்காளர்களில் பலர் உறங்கியபின் ஓடிய யார்டுகள் அவை. இந்த ஆண்டு அந்த இடத்தில் இருப்பவர் ஜென்டி. பழைய நட்சத்திர ஆட்டக்காரர் டியான் சாண்டர்ஸ் பயிற்சியாளர் என்பதால் கொலராடோவின் ஒவ்வோர் ஆட்டமும் நாடு முழுவதும் பார்க்கப்பட்டது. பாய்ஸியைத் தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும். 1992-இல் சான் டியாகோ ஸ்டேட்டின் மார்ஷல் ஃபாக் இரண்டாம் இடத்தோடு திரும்பியதை வைத்துப் பார்த்தால், சிறிய கான்ஃபரன்ஸின் ரன்னிங் பேக்குக்கு இரண்டாம் இடத்துக்கு மேல் கதவு திறப்பதில்லை.

என் சொந்த வாக்கு ஹன்டருக்குத்தான். ஜென்டி செய்ததை இதற்கு முன் மூவர் செய்திருக்கிறார்கள். ஹன்டர் செய்ததைச் செய்தவரைக் காட்டச் சொன்னால், இருபக்கமும் ஆடுவது எல்லோருக்கும் கட்டாயமாயிருந்த நைல் கின்னிக் இவ்விருதை வென்ற காலத்துக்கு, அதாவது 1939-க்குப் போக வேண்டியிருக்கிறது.


நீலப்புல்
2024 டிசம்பர் 13

நேற்றிரவு விருதுகள் அறிவிக்கப்பட்டதைப் பார்த்திருப்பீர்கள். மாக்ஸ்வெல் விருது ஜென்டிக்கு, வால்ட்டர் கேம்ப் விருது ஹன்டருக்கு. ‘ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்’ என்று இரண்டு அமைப்புகள் இரண்டு பேரைச் சொல்லிவிட்டன. அதை விடுங்கள். நாட்டின் சிறந்த தடுப்பு ஆட்டக்காரருக்கான பெட்னாரிக் விருதையும் ஹன்டருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சிறந்த டிஃபென்சிவ் பேக்குக்கான (கார்னர்பேக் போன்ற பின்வரிசைத் தடுப்பாளர்) ஜிம் தார்ப் விருதின் இறுதி மூவரில் அவர் பெயரே இல்லை. அது டெக்சஸின் ஜாடே பாரனுக்குப் போயிற்று. தம் இடத்தில் முதல் மூவருக்குள் வராதவர் எப்படி நாட்டின் தடுப்பு ஆட்டக்காரர்கள் அனைவரிலும் முதல்வராவார் என்று யாராவது விளக்க வேண்டும்.

இதுதான் என் அடிப்படைக் குறை. ஹன்டரின் தடுப்பைத் தனியாக எடுத்து மதிப்பிடச் சொன்னால் ‘அவர் தாக்குதலிலும் ஆடுகிறாரே’ என்கிறீர்கள். தாக்குதலைத் தனியாக எடுத்தால் ‘அவர் தடுப்பிலும் ஆடுகிறாரே’ என்கிறீர்கள். பெட்னாரிக் குழு தடுப்புக்காக வாக்களித்ததா, மொத்த வியப்புக்காக வாக்களித்ததா? 2,497 என்ற எண்ணுக்கு இப்படிப்பட்ட துணை எதுவும் தேவைப்படவில்லை.


போல்டர்வாசி
2024 டிசம்பர் 13

தார்ப் குழுவின் தேர்வு விசித்திரமானது என்பதே என் பதில். அந்த விருதை 1988-இல் வென்ற டியான் சாண்டர்ஸ் தம்முடையதையே ஹன்டருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

தடுப்பு பற்றிய உங்கள் ஐயம் நியாயமானதே என்று வைத்துக்கொள்வோம். அதே இரவில் நாட்டின் சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் ஹன்டருக்குத்தான் கிடைத்தது. அதில் எந்தக் குழப்பமும் இல்லை. சிறந்த ரிசீவர் என்று ஏற்கப்பட்ட ஒருவர், மிச்ச நேரத்தில் சராசரிக் கார்னர்பேக்காக இருந்திருந்தாலே நான் அவருக்கு வாக்களித்திருப்பேன். அவர் சராசரியில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருது ஜென்டிக்குக் கிடைத்ததில் எனக்கு முழு உடன்பாடு. அவருக்கு அதைவிடப் பொருத்தமான விருது இல்லை.


மலைச்சாரல்
2024 டிசம்பர் 15

முடிவு வந்துவிட்டது. ஹன்டர் 2,231 புள்ளிகள், ஜென்டி 2,017, கேப்ரியல் 516, வார்டு 229. கொலராடோவுக்கு 1994-இல் ரஷான் சலாம் வென்றதற்குப் பிறகு இது இரண்டாவது ஹைஸ்மன். முதல் இரண்டு இடங்களுக்கு இடையிலான 214 புள்ளி வித்தியாசம், 2009-இல் மார்க் இங்ரம் வெறும் 28 புள்ளிகளில் டோபி கெர்ஹார்ட்டை முந்தியதற்குப் பிறகு மிகக் குறுகியது.

மொத்தப் புள்ளிகளை விட அவை எங்கிருந்து வந்தன என்பது எனக்கு அதிகம் சொல்கிறது. முதல் வரியில் ஹன்டர் பெயரை எழுதியவர்கள் 552 பேர், ஜென்டியை எழுதியவர்கள் 309 பேர். அதாவது ஹன்டரின் புள்ளிகளில் 1,656 முதல் வரியிலிருந்தே வந்தவை. ஜென்டிக்கு முதல் வரியிலிருந்து வந்தவை 927. மீதி 1,090 புள்ளிகள், பாதிக்கும் மேல், இரண்டாம் மூன்றாம் வரிகளிலிருந்து வந்தவை. பழைய கணக்கு சொன்னதற்கு மாறாக, சிறிய கான்ஃபரன்ஸ் ஆட்டக்காரரை யாரும் பார்க்காமல் விட்டுவிடவில்லை. எல்லோரும் பார்த்தார்கள், மதித்தார்கள், இரண்டாவதாக எழுதினார்கள். பார்க்கப்படாததால் தோற்றார் என்ற வாதத்தை இந்த எண்கள் தாங்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

என் வாக்கு யாருக்கு என்று தனிச்செய்தியில் கேட்டவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் ஜென்டியைத்தான் எழுதியிருப்பேன். போல்டர்வாசியின் வாதம் வலுவானது. இருந்தாலும் ஹன்டரை மைதானத்திலிருந்து எடுத்துவிட்டால் கொலராடோவிடம் ஷடூர் சாண்டர்ஸ் போன்ற ஒரு குவார்ட்டர்பேக் மீதமிருக்கிறார். ஜென்டியை எடுத்துவிட்டால் பாய்ஸியின் தாக்குதல் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். எதிரணிகள் அனைத்தும் அவர் ஒருவரைத் தடுப்பதற்கென்றே ஆட்களைக் குவித்தன, அது தெரிந்தும் பந்தை அவரிடமே கொடுத்தார்கள். அக்டோபரில் லாஸ் வேகஸின் யூஎன்எல்வி அணி ஒருமுறை ஓரளவு கட்டுப்படுத்தியது: 33 முறை சுமந்து 128 யார்டுகள். அதே யூஎன்எல்விக்கு எதிராகக் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் 209 ஓடிக் கோப்பையையும் எடுத்துச் சென்றார்.


நீலப்புல்
2025 ஜனவரி 1

பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றோம். ஜென்டி 30 முறை சுமந்து 104 யார்டுகள். பருவம் முழுவதற்கும் 2,601. கார்டனையும் ஸ்மித்தையும் கடந்து இரண்டாம் இடம், பேரி சாண்டர்ஸுக்கு 27 யார்டுகள் கீழே. போர்ட்லண்ட் ஸ்டேட் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் ஒரு கால் மணி நேரம் ஆடவிட்டிருந்தால் போதும். அதற்காகப் பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன். செப்டம்பரில் டிசம்பரின் கணக்கைப் பார்த்து ஆட்டக்காரரைத் தேய்க்கக் கூடாது.

வாக்கெடுப்பைப் பருவ முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களுக்குப் பிறகு வைத்தால் என்ன என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். இந்த ஆண்டு வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?


பழைய கணக்கு
2025 ஜனவரி 1

ஒன்றும் ஆகியிருக்காது. நான்கு நாள்களுக்கு முன் கொலராடோவும் பிரிகம் யங்கிடம் 36-14 என்று தோற்றது. ஹன்டர் 4 பந்துகளைப் பிடித்து 106 யார்டுகளும் ஒரு டச் டவுனும் எடுத்தார்.

அந்த 27 யார்டுகள் பற்றியும் ஒன்று. சாண்டர்ஸின் 2,628 என்பது 11 ஆட்டங்களின் கணக்கு. பவுல் ஆட்டங்களைப் பருவக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் 2002-இல்தான் வந்தது. 1988-இன் ஹாலிடே பவுலில் வயோமிங்குக்கு எதிராக அவர் ஓடிய 222 யார்டுகள் அதில் சேரவில்லை. சேர்த்தால் 12 ஆட்டங்களில் 2,850. இன்னொரு பொருத்தமும் உண்டு. சாண்டர்ஸ் அந்த 11 ஆட்டங்களில் பந்தைச் சுமந்தது 344 முறை. பென் ஸ்டேட் ஆட்டத்துக்கு முன் ஜென்டி சுமந்ததும் சரியாக 344 முறைதான். அந்த அளவில் நிறுத்தி ஒப்பிட்டால் 2,628-க்கு 2,497. வித்தியாசம் 131.